பாட்டியின் தகரப் பெட்டியில் ஒரு புயல்! தெரியுமா?

புத்தகத்தில் எழுத்துப் பிழை இருந்தால் என்ன செய்வோம்? முகம் சுளிப்போம். அதே பிழைக்காகப் பணத்தை அள்ளிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், தெரியுமா?

நாவலின் பெயர் 'தி சன் ஆல்ஸோ ரைசஸ்'. எழுதியவர் ஹெமிங்வே. 1926 அக்டோபர் 22-ஆம் தேதி நியூயார்க்கில் வெளிவந்தது. முதல் அச்சில் 5,090 படிகள். விலை வெறும் 2 டாலர்! அந்த அச்சின் 181-ஆம் பக்கத்தில் 'ஸ்டாப்டு' என்ற சொல்லில் இரண்டு 'பி' இருக்க வேண்டிய இடத்தில் மூன்று 'பி'! அச்சுக் கோத்த கை ஒரு நொடி தவறியிருக்கிறது, அவ்வளவுதான். பழைய நூல் சேர்ப்பவர்கள் இன்று அந்தப் புத்தகம் கையில் கிடைத்தால் நேரே 181-ஆம் பக்கத்துக்குத்தான் போகிறார்கள். மூன்று 'பி' இருந்தால் கண் விரிகிறது!

மேலுறையிலும் பிழை உண்டு! ஹெமிங்வேயின் முந்தைய புத்தகம் 'இன் அவர் டைம்'. மேலுறையில் அது 'இன் அவர் டைம்ஸ்' ஆகிவிட்டது. ஓர் 'எஸ்' கூடுதல்! அந்த மேலுறை கிழியாமல் ஒட்டியிருந்தால் விலை பல மடங்கு ஏறும். புத்தகத்தை விட அதைச் சுற்றிய ஒற்றைத் தாளுக்கு விலை அதிகம் என்றால் நம்ப முடிகிறதா?

இன்னொன்று! அதே நாவல் 1927-இல் லண்டனில் வந்தபோது பெயரே மாறிவிட்டது. அங்கே அதன் பெயர் 'ஃபியெஸ்டா'! ஒரே கதை, இரண்டு பெயர். சேர்ப்பவர்களுக்கு இரண்டும் வேண்டும்!

அது என்ன கதை? முதல் உலகப் போர் முடிந்து, எதிலும் நம்பிக்கை போய், பாரிஸில் வந்து தங்கிவிட்ட அமெரிக்கர்களும் ஆங்கிலேயர்களும். குடிக்கிறார்கள். ஊர் சுற்றுகிறார்கள். ஸ்பெயினுக்குப் போய்க் காளைச் சண்டை பார்க்கிறார்கள். வந்த ஊரிலும் ஒட்டவில்லை, பிறந்த ஊருக்கும் திரும்ப முடியவில்லை.

நெகிரி செம்பிலான் தோட்டத்தில் பிறந்த நமக்கு இந்தக் கதை புதிதா, சொல்லுங்கள்!

*

1926-ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். அதே ஆண்டில் ஸ்காட்லாந்தில் ஒரு கப்பல் கட்டி முடிக்கப்பட்டது. எந்தக் கப்பல் தெரியுமா? ரஜூலா! நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறி, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கிய நம் தாத்தா பாட்டிகள் பேர் சொல்லியே நினைத்துக்கொண்டிருந்த அதே ரஜூலா! ஒரே பயணத்தில் ஐயாயிரம் பேருக்கும் மேல் 'டெக்'கில் ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. ஹெமிங்வே நாவலின் முதல் அச்சுப் படிகள் எத்தனை? 5,090! ஒரு கப்பல் நிறைய ஆட்கள், ஒரு கப்பல் நிறையப் புத்தகங்கள். அந்தப் புத்தகங்களில் ஒவ்வொரு படியையும் தேடித் துருவ உலகமெங்கும் ஆள் இருக்கிறது. இந்தக் கப்பலில் வந்தவர்களின் கதைப் புத்தகங்களை யார் தேடுகிறார்கள்?

தேட வேண்டிய புத்தகம் நம்மிடமே இருக்கிறது. அதன் பெயர் 'புயலிலே ஒரு தோணி'!

எழுதியவர் ப. சிங்காரம். 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938-இல் கடல் கடந்து சுமத்ராவின் மெடான் நகருக்குப் போனார். எதற்கு? வட்டிக்கடையில் வேலை பார்க்க! அங்கே இருந்தபோதுதான் ஜப்பான் படை வந்து இறங்கியது. அதைக் கண்ணால் பார்த்தவர் பின்னாளில் நாவலின் முதல் காட்சியாகவே அதை வைத்தார். மெடான் தெருவில் கூட்டம் நிற்கிறது, படை வருகிறது, வெள்ளைக்காரன் போய்விட்டான், இனி என்ன? அங்கே தொடங்கும் கதை கடைசிவரை மூச்சு வாங்க விடாது!

சிங்காரத்துக்குப் பிடித்த எழுத்தாளர் யார் தெரியுமா? ஹெமிங்வே! ஆம், அதே ஹெமிங்வே! இந்தோனேசியாவில் இருந்த காலத்தில் அவருடைய நாவலை வாசித்து மயங்கியவர் இவர். பாரிஸ் மதுக்கடைகளில் அமெரிக்கர்கள் உட்கார்ந்து பேசியதைப் போல, சிங்காரத்தின் பாண்டியனும் மாணிக்கமும் பினாங்கில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே தமிழ் இலக்கியத்தையும் தமிழர் பெருமையையும் பிய்த்துப் போடுகிறார்கள். ஊர் நினைவு வந்ததும் மதுரைத் தெருக்கள் கண்முன் ஓடுகின்றன. முடிவை நான் சொல்ல மாட்டேன். நீங்களே வாசியுங்கள்!

இந்த நாவல் எழுதி முடித்ததும் வெளிவந்ததா? இல்லை! கையெழுத்துப் படியாகவே பத்தாண்டுகள் கிடந்தது! 1972-இல்தான் கலைஞன் பதிப்பகம் வழியாக முதல் பதிப்பு வந்தது. அதற்கு முன் 1959-இல் வெளிவந்த 'கடலுக்கு அப்பால்' கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்றது. இரண்டே நாவல்கள்! அதற்குப் பிறகு 1997 டிசம்பர் 30-இல் மதுரையில் கண்மூடும் வரை இன்னொரு நாவல் எழுதவில்லை. 1987 வரை தினத்தந்தியில் வேலை, தங்கியது மதுரை ஒய்.எம்.சி.ஏ.வில் ஓர் அறை. மனைவியையும் குழந்தையையும் இந்தோனேசியாவிலேயே பறிகொடுத்துவிட்டுத் தனி ஆளாகத் திரும்பியவர் அவர். வாழ்நாள் சேமிப்பை மாணவர்களின் படிப்புக்குக் கொடுத்துவிட்டார்!

இன்று அதே நாவல் வெவ்வேறு பதிப்பகங்களில் பல பதிப்பு கண்டுவிட்டது. 'கடலுக்கு அப்பால்' நாவலையும் சேர்த்து ஒரே தொகுதியாகவும் வந்தது. ஆனால் அந்த 1972 முதல் பதிப்பு? நெகிரி செம்பிலானில் எத்தனை வீட்டில் இருக்கும்? என் கணிப்பில் விரல் விட்டு எண்ணிவிடலாம். தமிழ் நாவல்களில் நான் கையில் தொட்டுப் பார்க்க ஆசைப்படும் முதல் பதிப்பு இதுதான். பொன்னியின் செல்வன்கூட அப்புறம்தான்!

*

புயலிலே ஒரு தோணியின் பாண்டியன் இந்திய தேசிய இராணுவமான ஐ.என்.ஏ.வில் சேருகிறான். அந்த ஐ.என்.ஏ.வின் கனவு எந்த ஊரில் இடிந்தது தெரியுமா?

நம் சிரம்பானில்!

1945 ஆகஸ்ட். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிரம்பானில் தங்கியிருந்தார். இங்கே ஐ.என்.ஏ. பயிற்சி முகாம் இருந்தது. சோவியத் ரஷ்யா ஜப்பான் மீது போர் தொடுத்த செய்தி அவருக்கு இங்கேதான் வந்தது. அடுத்து ஜப்பான் சரணடையும் செய்தியும் இங்கேதான் வந்தது! உடனே சிங்கப்பூருக்குப் புறப்பட்டார். அந்த நாள்களில் கூடவே இருந்த எஸ்.ஏ. ஐயர் 1951-இல் ஒரு புத்தகமாகவே எழுதி வைத்திருக்கிறார். பெயர் 'அன்ட்டு ஹிம் எ விட்னஸ்'. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்! நம் ஊர் பெயர் அதற்குள் இருக்கிறது!

சிரம்பானைத் தாண்டி பாஹாவ் போங்கள். அங்கே 'ஃபூஜி' என்று பெயர் வைத்து ஒரு குடியிருப்பு இருந்தது தெரியுமா? ஜப்பான் காலத்தில் உணவுப் பஞ்சம் என்று சிங்கப்பூரிலிருந்து யூரேசியர்களையும் கத்தோலிக்கச் சீனர்களையும் கொண்டுவந்து காட்டில் விட்டார்கள். எழுத்தர்கள், ஆசிரியர்கள், நகரத்து மனிதர்கள்! கையில் மண்வெட்டி! மலேரியா நூற்றுக்கணக்கானவர்களைத் தின்றது. அழைத்து வந்த ஆயர் அட்ரியன் டெவால்ஸும் 1945 ஜனவரியில் இறந்தார். நம்பி வந்து ஏமாந்தவர்களின் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? யாராவது தமிழில் எழுதுங்களேன்!

*

ஒரு கேள்வி. கெய்ரோவிலிருந்து ஷங்காய்க்கு எவ்வளவு தூரம்?

நெகிரி செம்பிலானில் மிகக் கொஞ்சம்தான்! கெய்ரோ தோட்டம், ஷங்காய் தோட்டம், கெர்பி தோட்டம், கெடஸ் தோட்டம், பிராட்வால் தோட்டம், ரீஜண்ட் தோட்டம்... துரைமார் எந்தெந்த ஊர்ப் பெயரையோ ஆள் பெயரையோ கொண்டுவந்து பால்மரக் காட்டில் நட்டார்கள். தோட்டம் போனாலும் தமிழ்ப்பள்ளிப் பலகைகளில் அந்தப் பெயர்கள் நிற்கின்றன. உலகத்தின் பாதியைக் கேட்டறியாத நம் பாட்டி 'ஷங்காய் தோட்டத்துக்காரி' ஆனாள்!

நம் சொல்லும் பெயராகி நின்றிருக்கிறது, அது தெரியுமா? சிலாங்கூரில் அன்றைய பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் 'தென்னமரம்' தோட்டம்! ஆம், நம் தென்னைமரமேதான்! அங்கேதான் 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. நட்டவர் யார்? ஆன்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் தோட்டத் துரை மட்டுமா? இல்லை! 1930-இல் அவர் எழுதிய 'மலேசி' என்ற நாவல் பிரான்ஸின் மிகப் பெரிய இலக்கியப் பரிசான கொன்கூர் பரிசை வென்றது! ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரர்களின் வெறுமையும் மயக்கமும்தான் கதை. கூடவே தமிழர்களும் வருகிறார்கள். மறு ஆண்டே ஆங்கிலத்தில் 'தி சோல் ஆஃப் மலாயா' என்று வந்துவிட்டது. இன்று செம்பனை நாடு முழுக்க நிற்கிறது. அதை நட்டவரின் நாவல் எத்தனை தோட்டத்து வீட்டில் இருக்கிறது?

'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படம் பார்த்திருக்கிறீர்களா? மனிதக் குரங்குகள் உலகை ஆளும் அந்தக் கதையை எழுதிய பியர் பூல் மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்! 1936-இல் இங்கே பொறியாளராக வந்தவர் அவர். 1952-இல் 'குவாய் நதிப் பாலம்' எழுதினார். 1957-இல் அது படமாகி ஆஸ்கர்களை அள்ளியது. திரைக்கதைக்கான ஆஸ்கரும் பூலுக்கே! ஆனால் அந்தத் திரைக்கதையை அவர் எழுதவே இல்லை! அமெரிக்காவின் கறுப்புப் பட்டியலில் இருந்த இருவர் எழுதியது. விருது அவர்கள் பேருக்கு மாறி வந்தபோது அந்த இருவருமே உயிரோடில்லை. படம் எடுத்த இடம் சயாமா? அதுவும் இல்லை, இலங்கையின் கித்துல்கல!

ஆனால் ஒன்று நெஞ்சை அறுக்கிறது. அந்தப் பாலத்தின் கதை நடப்பது போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையில் யார் அதிகம் செத்தார்கள்? வெள்ளைக்காரக் கைதிகளா? இல்லை! ஆசியத் தொழிலாளர்கள்! மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரி ஏற்றப்பட்ட நம் தமிழர்கள் அதில் பல்லாயிரம் பேர். உலகப் புகழ் பெற்ற அந்த நாவலில் அவர்களுக்கு இடமே இல்லை. அந்த இடத்தை நிரப்பியவை தமிழ் நாவல்கள்! ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. பூலின் நாவலுக்கு முதல் பதிப்பு தேடுகிறவர் பக்கத்திலேயே இந்த இரண்டையும் வைக்க வேண்டும் என்பேன். வைக்காவிட்டால் அந்த அலமாரி பாதி அலமாரிதான்!

*

சரி, வீட்டில் ஒரு பழைய தமிழ்ப் புத்தகம் இருக்கிறது. முன்பக்கம் கிழிந்துவிட்டது. ஆண்டு தெரியவில்லை. வயதைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும்! துப்பறிவாளர் போலக் கண்டுபிடிக்கலாம்!

விலையைப் பாருங்கள். 'அணா' என்று இருக்கிறதா? இந்தியாவில் தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1. அணா விலை என்றால் பெரும்பாலும் அதற்கு முந்திய புத்தகம்! 'ந.பை.' என்று இருக்கிறதா? நயா பைசா! 1957 முதல் 1964 வரைதான் அந்த 'நயா' ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழே ஆண்டு! இரண்டு எழுத்து உங்களுக்கு ஏழாண்டுச் சன்னலைத் திறந்து காட்டிவிட்டது!

முகவரியைப் பாருங்கள். 'சென்னை-17' என்று சுருக்கமாக முடிகிறதா? அல்லது 600 017 என்று ஆறு இலக்கம் இருக்கிறதா? ஆறு இலக்கப் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15! அதாவது புயலிலே ஒரு தோணி வந்த அதே ஆண்டு!

எழுத்தைப் பாருங்கள். 'லை', 'னை', 'ணை' எழுத்துகளில் யானைத் தும்பிக்கை போல ஒரு கொம்பு தூக்கிக்கொண்டு நிற்கிறதா? கொண்டாடுங்கள்! தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தது 1978-இல். தும்பிக்கை இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது! ஆனால் ஓர் எச்சரிக்கை. பெரியார் 1935-லேயே தன் குடிஅரசு இதழில் புதிய எழுத்தைத் தொடங்கிவிட்டார். தும்பிக்கை இல்லை என்பதாலேயே புதிய புத்தகம் என்று தள்ளிவிடாதீர்கள்!

மலேசியாவில் அச்சான புத்தகமா? விலைக்கு முன்னால் டாலர் குறியா, 'ஆர்.எம்.' குறியா என்று பாருங்கள். நாணயத்துக்கு 'ரிங்கிட்' என்று அதிகாரப் பெயர் வந்தது 1975. அதற்குப் பிறகும் டாலர் குறி பல ஆண்டு நீடித்தது. ஆர்.எம். நிலைத்தது 1990-களில்தான். தோட்டத்தில் நாம் இரண்டையும் 'வெள்ளி' என்றே சொன்னோம், அது வேறு கதை!

*

முதல் பதிப்பை விடவும் அரியது ஒன்று உண்டு. தெரியுமா? வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துக் கட்டிய தொடர்கதை!

பொன்னியின் செல்வன் கல்கியில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை ஓடியது. மூன்றரை ஆண்டுக்கும் மேல்! வாரா வாரம் மணியத்தின் ஓவியம்! அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்து ஊசி நூலால் தைத்து அட்டை போட்டு வைத்தவர்கள் யார்? நம் பெண்கள்! அச்சுப் புத்தகத்தில் இல்லாத ஓவியம் அதில் இருக்கும். பக்கத்தின் மறுபுறம் அன்றைய தைல விளம்பரம் இருக்கும். பாதி நகைச்சுவைத் துணுக்கு இருக்கும். இதை எந்தப் பதிப்பகமும் திரும்பத் தர முடியாது! கப்பலில் வந்த பெட்டிகளில் இப்படி எத்தனை 'பைண்டு' வந்திருக்கும்!

தோட்டத்தில் வாசிப்பு எங்கே இருந்தது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. தோட்டத் தொழிலாளர் சங்கம் 'சங்கமணி' என்று தமிழில் பத்திரிகையே நடத்தியது. விடிகாலையில் பெரட்டுக்கு நின்று, நிரை போட்டுப் பால் வெட்டி, மங்கு கழுவி வந்த கை மாலையில் பத்திரிகை பிடித்தது! ஒருவர் உரக்க வாசிக்க, லயத்து வாசலில் பத்துப் பேர் கேட்பார்கள். ஒரு படி, பத்து வாசகர்! 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 வரை ஓடியது. ஏறத்தாழ 95 ஆண்டு! அதன் பழைய இதழ் ஒன்றாவது உங்கள் வீட்டில் உண்டா?

*

இப்போது எதிரிகளைப் பார்ப்போம்!

புத்தகத்துக்குள் வெள்ளி நிறத்தில் மின்னி ஓடும் பூச்சியின் பெயர் தெரியுமா? இராமபாணம்! எவ்வளவு அழகான பெயர், எவ்வளவு கொடிய வேலை! அதற்குப் பிடித்தது கதை அல்ல, பசை! மாவுப் பசை அதற்கு விருந்து. அதனால்தான் அந்தக் காலத்துப் பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் கலந்தார்கள். நீலநிற விஷம், பூச்சி கிட்டே வராது!

குளிர்ப்பெட்டி புத்தகத்தைக் காப்பாற்றும் என்றால் நம்புவீர்களா? உலகப் பெரிய நூலகங்கள் செய்கிற காரியம் இது! காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் புத்தகத்தை வைத்து மூடி, கடுங்குளிரில் சில நாள் வைத்தால் பூச்சியும் முட்டையும் செத்துப்போகும். வெளியே எடுத்ததும் உடனே பையைத் திறந்துவிடாதீர்கள்! அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் நீர் கோத்துக்கொள்ளும்.

அடுத்தது ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. பழைய புத்தகத்தை ரப்பர் வளையம் போட்டுக் கட்டவே கட்டாதீர்கள்! ரப்பர் இளகிப் பிசுபிசுத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். அதிலிருக்கும் கந்தகம் தாளையும் படத்தையும் கறையாக்கும். பருத்தி நாடா போதும்!

ரப்பருக்கும் புத்தகத்துக்கும் பழைய பகை ஒன்று உண்டு, தெரியுமா? 1836-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹன்காக் என்பவர் ரப்பர்ப் பசையால் புத்தகம் கட்டக் காப்புரிமை வாங்கினார். தைக்கவே வேண்டாம், ஒட்டினால் போதும்! ஊரே வியந்தது. சில பத்தாண்டுகளில் என்ன ஆனது? ரப்பர் மக்கிப்போய்ப் பக்கங்கள் உதிர்ந்து கொட்டின! ஹெவியா மரம் நம் மண்ணுக்கு வரும் முன்பே நடந்த கதை இது. நம் மரத்தின் பாலைக் குறை சொல்ல முடியாது!

*

தனி மனிதர் ஒருவர் சேர்த்தால் எவ்வளவு சேர்க்க முடியும்? நூறு? ஆயிரம்?

ஒரு லட்சம்!

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பணக்காரர் இல்லை, பேராசிரியர் இல்லை! புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று வீட்டில் சேர்த்தவை ஏறத்தாழ ஒரு லட்சம். அவர் 1992-இல் மறைந்தார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அமெரிக்காவுக்குத் தூக்கிப்போனார்களா? இல்லை! சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள். இன்று தமிழ் ஆராய்ச்சி செய்கிற யாரும் அந்தப் படியேறாமல் இருக்க முடியாது!

நம் நாட்டில்? 1969-லேயே இராம சுப்பையா மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ்ப் புத்தகங்கள், இதழ்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார். மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. பெயர் 'தமிழ் மலேசியானா'. பழைய நூல் தேடுகிறவருக்கு அதுதான் புதையல் வரைபடம்! அந்தப் பட்டியலே இன்று கிடைப்பதற்கு அரிய நூலாகிவிட்டது!

இன்னும் பின்னே போங்கள். சிங்கப்பூரில் 1872-லேயே 'முனாஜாத்துத் திரட்டு' அச்சாகிவிட்டது. 1917-இல் வந்த 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' மலேசியத் தமிழின் முதல் நாவல் எனச் சொல்லப்படுகிறது. தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்ட அதே 1917!

இன்னொன்று தெரியுமா? 1886-இல் வந்த ஒரு சட்டப்படி சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவில் அச்சான புத்தகங்களை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அவற்றில் ஒரு படி லண்டனுக்குப் போனது! நம் ஊரில் கரையான் தின்ற தமிழ்ப் புத்தகம் லண்டனில் பத்திரமாக இருக்கலாம்! இன்றைய மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது? 1986 சட்டப்படி, அச்சான ஒவ்வொரு நூலிலும் ஐந்து படிகள் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். புத்தகம் போடும் நம் எழுத்தாளர்கள் இதைத் தவறவிடக் கூடாது. வெளியீட்டு விழாவில் நூறு படி விற்று, மிச்சத்தைக் கட்டிலுக்கு அடியில் வைத்தால், ஐம்பது ஆண்டு கழித்து யார் தேடினாலும் கிடைக்காது!

கடைசியாக ஒன்று. 1922 டிசம்பரில் பாரிஸ் ரயில் நிலையத்தில் ஒரு பெட்டி திருடு போனது. கொண்டுவந்தவர் ஹெமிங்வேயின் மனைவி ஹாட்லி. உள்ளே இருந்தவை ஹெமிங்வே அதுவரை எழுதியவற்றில் பெரும்பகுதி, கார்பன் படிகளோடு! நூறாண்டு தாண்டிவிட்டது. அந்தப் பெட்டி இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தால் என்ன விலை போகும் என்று உலகமே கணக்குப் போடுகிறது!

நம் பெட்டி தொலையவில்லை. ரந்தாவிலும் லாபுவிலும் சிலியாவிலும் பாஹாவிலும் தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோன எத்தனையோ வீடுகளில், கட்டிலுக்கு அடியில், பழைய புடவைக்குக் கீழே, இன்னும் அந்தத் தகரப் பெட்டி இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து பாருங்கள். உள்ளே புத்தகம் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். விலையைப் பாருங்கள், முகவரியைப் பாருங்கள், தும்பிக்கை எழுத்தைப் பாருங்கள். வைத்துக்கொள்ள இடமில்லையா? அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி நூலகத்திலோ பல்கலைக்கழக நூலகத்திலோ கொடுங்கள். அட்டையில் தாத்தாவின் கையெழுத்தும் தோட்டத்தின் பெயரும் இருந்தால், அதை மட்டும் அழித்துவிடாதீர்கள்!